செம்புக்கு நான் சொன்ன பொருள்

குழி அண்ணாச்சியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தார். எச்சில் பட்டதும் வெள்ளைக் கல்லின் குறுக்கே ஓடிய கறுப்பு வரிகள் பளிச்சென்று தெரிந்தன. "இரும்புக்கல் ஐயா. காஞ்சு கெடந்தா ஒண்ணும் தெரியாது, நனைச்சாத்தான் சொல்லும்" என்றார். என்னோடு வந்த வெள்ளைக்காரத் துரை தன் காந்தத்தை நீட்டினார். கல்பொடி அதில் மயிர்போல ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி நாக்கால் கண்டதைத்தான் துரை காந்தத்தால் கண்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் நாலெழுத்து இங்கிலீஷ் படித்த புண்ணியத்தில், மலைகளில் கனிமம் தேடி வந்த அந்தத் துரைக்கு நான் ரைட்டர். அதாவது வாயும் காதும். தற்காலிக வேலைதான். சேரன்மகாதேவிக்கு மேற்கே மலைச்சரிவில் கூடாரம். அதற்கு மேலே புதருக்குள் பழைய சுரங்கம் ஒன்று வாய் பிளந்து கிடந்தது. வாசலில் கிட்டம், இரும்பை உருக்கியபின் எஞ்சும் கசடு, மேடாகக் குவிந்திருந்தது. எத்தனை தலைமுறையாக உருக்கினீர்கள் என்று கேட்டால் அண்ணாச்சி அந்த மேட்டைக் காட்டுவார். மார்பளவு மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, காட்டுமரக் கரி, இவ்வளவுதான் அவர்களுடைய ஆலை. காட்டை எடுத்துக்கொண்ட சர்க்கார் கரி சுடக்கூடாது என்றது. கப்பலில் வந்த இரும்பு கடைத்தெருவில் மலிந்தது. உலை அவிந்தது. அண்ணாச்சி கல்லுடைக்கப் போனார். கடைசியில் அதே சர்க்காரின் துரைக்கே வழிகாட்டியாக வந்து நின்றார். அவர் இதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றும் வயிறு எரிகிறது.

சுரங்கச் சுவரில் ஓரிடத்தில் பச்சை படர்ந்திருந்தது. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சை. துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இங்கே செம்பு உண்டா என்று விசாரிக்கச் சொன்னார். அண்ணாச்சி உள்ளே இருந்தார். வாசலில் கஞ்சிக் கலயத்தோடு அவர் மனைவி நின்றாள். "உள்ள செம்பு இருக்கா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இருக்குய்யா. அடிக்குழியில கெடக்கு. எங்க மாமா காலத்துலருந்து அங்கனதான் கெடக்கு."

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். கேட்ட துரைக்கு ஆசை, சொன்ன எனக்கு அவசரம். அவர் என் தோளில் தட்டி, உன் வேலையை நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்றார்.

சாயங்காலம் ஓடையில் கைகால் கழுவும்போது விஷயத்தைக் கேட்டு அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ரைட்டர் ஐயா, அவ சொன்னது தண்ணி குடிக்கிற செம்பு! முன்ன குழி சரிஞ்சப்போ எங்கய்யா போட்டுட்டு ஓடியாந்தது. அதை எடுத்துத் தாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து என்னைப் பிடுங்குதா. இந்த மலையில ஏது தாமிரம்? துரைகிட்ட பைய சொல்லிருங்க. அடிக்குழிக் கூரை மழையில ஊறிக் கெடக்கு, தொட்டா உக்காந்துரும்."

காலையில் சொல்வதாகச் சொன்னேன். காலையில் துரை என் சிபாரிசுக் கடிதத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லியாச்சா ஐயா?" என்று வெளியே நின்ற அண்ணாச்சி கேட்டார்.

"சொல்லியாச்சு அண்ணாச்சி. இருந்தாலும் பாத்துருவோம்னு சொல்லுதாரு. கூரைக்கு முட்டுக் கொடுத்தாப் போதுமாம்."

துரை அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. என்னை நம்பி அண்ணாச்சி இறங்கினார். மூன்றாம் நாள், முட்டோடு சேர்ந்து கூரை உட்கார்ந்தது.

பின்னால் அந்தக் கல்லைச் சோதித்தவர்கள், பச்சைக்கும் தாமிரத்துக்கும் சம்பந்தமில்லை, அது வேறு கல்லின் நிறம் என்று எழுதினார்கள். என் வேலை மட்டும் நிரந்தரமாயிற்று. இன்று பாளையங்கோட்டையில் பென்ஷன் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறேன். பாவ அறிக்கை சொல்லும்போது சபையோடு சேர்ந்து என் உதடும் அசைகிறது. இதை மட்டும் அங்கே நான் சொன்னதில்லை.

கூரை உட்கார்ந்த அன்று மத்தியானம் உடலை எடுத்துக் கிட்டமேட்டில் கிடத்தியிருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி அழவில்லை. நேராகத் துரையிடம் போய் நின்று, என்னைக் கை நீட்டிக் காட்டினாள். "நான் சொன்னது தண்ணிச் செம்புன்னு இந்த ஐயாவுக்குத் தெரியும். கூரை நிக்காதுன்னு, இந்தா கெடக்காகளே, இவுக சொல்லிவிட்டதும் தெரியும். இந்த ஐயா உம்மகிட்ட சொன்னாரா, இல்லையா? அதை மட்டும் எனக்குச் சொல்லும்."

துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என்ன கேட்கிறாள் என்றார்.

"ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் விதி என்கிறாள்" என்று மொழிபெயர்த்தேன்.