மலிவாகக் கிடைத்த குழல்

சந்தேகம் என் கூடப்பிறந்தது. பால் வாங்கினாலும் பின்வரிசையில் இருப்பதைத்தான் இழுத்து எடுப்பேன். அப்படிப்பட்ட நான், இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில், நாடுவிட்டு வந்து வேலைக்குச் சேர்ந்த புவாண்ட்-கிளேர் கிடங்கில் என்னோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் பழைய வேட்டைத் துவக்கு ஒன்றை வாங்கினேன். அவரிடம் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. தகப்பனுடையதைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைத் தந்தார். அனுமதிப்பத்திரம் எடுக்கவும் அவர்தான் வழிகாட்டினார். மதியத்தில் என் இடியப்பத்தில் பாதி அவருக்கு. “சுடமுதல் குழலுக்குள் பார்” என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகங்களும் மனைவியின் தையல் மெஷினும் படத்தின் முன் ஏறின. பகிடிக்கு நான் குண்டில்லாத வெறும் துவக்கையும் பூட்டுத் திறந்து எடுத்துக் கிடத்தினேன். மனைவி அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். பூசை முடிந்ததும் நானே எடுத்துப் பூட்டினேன்.

நவம்பரில் அந்தப் பிரெஞ்சுக்காரரோடு காட்டுக்கு வேட்டைக்குப் போனேன். முதல் வெடியிலேயே காது அடைத்துவிட்டது. குழலின் முனை எலி விழுங்கிய பாம்பைப்போல வீங்கி, பக்கத்தில் வெடித்திருந்தது. முகம் தப்பியது தம்பிரான் புண்ணியம். வீட்டில் மூச்சுவிடவில்லை. விட்டால் துவக்கு வீட்டைவிட்டே போய்விடும்.

பக்கத்து நகரமான லவாலில் துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். புதுக் குழல் போட, நான் துவக்குக்குக் கொடுத்ததைவிடக் கூடக் கேட்டார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். குழலின் வாயில் ஏதோ அடைத்திருந்ததால்தான் வெடித்தது என்றும் சொன்னார்.

என்னைத் தவிர அதைத் தொட்டவர் யார்? விற்றவர்தான். அடுத்த நாள் சாப்பாட்டு அறையில், எல்லோருக்கும் முன்னால், “உள்ளே என்னத்தை அடைத்தாய்? என்னைக் கொல்லப் பார்த்தாயா?” என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வேறு மேசையில் இருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பனி கரைகிற காலத்தில் லவாலிலிருந்து போன் வந்தது. வேட்டையை விட்ட ஒருவர் அதே வகைத் துவக்கைக் கொடுத்திருக்கிறாராம். குழலை மலிவாகத் தரலாமாம். மலிவு என்றதுமே எனக்குக் குத்தியது. வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கத்தாலும் பார்த்தேன். துரும்பளவு துருவும் இல்லை. திருத்துபவர் வேறு குழலை மாற்றி வைத்துவிடுவாரோ என்று, பூட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த நவராத்திரியிலும் துவக்கைப் படத்தின் முன் கிடத்தினேன். கைகழுவித் திரும்பி வந்தால், மனைவி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, திருநீற்றில் உருட்டி, ஊதுபத்திக் குச்சியால் குழலின் வாய்க்குள் குத்திக்குத்தி இறக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்யிறீர்?”

“வாயைத் திறந்துகொண்டு என்னையே பாக்குது. எனக்கு ஏலாது. அங்கை ஊரிலை ஆமி கதவைத் தள்ளேக்கை முதல் உள்ளை வந்தது இந்த வாய்தான்.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “போன முறையும் அடைச்சனான். பேந்து நீங்கள் பஞ்சை எடுத்தனீங்கள்தானே?”

 உலகத்தையே சந்தேகித்தவன் அந்தப் பழைய குழலுக்குள் மட்டும் சுடமுதல் ஒரு தடவை பார்க்கவில்லை.

“ஓம், எடுத்தனான்” என்றேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் பிரெஞ்சுக்காரருடைய மேசைக்குப் போனேன். பஞ்சு, திருநீறு, பூசை, எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தரமுதல் நான்தான் துடைத்தேன். துணித்துண்டை உள்ளே விட்டுவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன்” என்றார். “இனி யாரையாவது கொன்றுவிடுவேனோ என்று பயம். அப்பாவின் துவக்கை லவாலில் கொடுத்துவிட்டேன். குழலை உனக்குக் கொடுக்கச் சொன்னேன். என்னுடையது என்று மட்டும் சொல்லவேண்டாம் என்றேன்.”

“ஏன்?”

“சொன்னால் நீ வாங்கமாட்டாய்.”

உண்மைதான். வாங்கியிருக்கமாட்டேன்.