மைக்ரோவின் பெட்டி வரிசை

அலுவலகத்தில் அவனுக்கு மைக்ரோ என்று பெயர். பங்குச் சந்தையில் தானாக வாங்கி விற்கும் மென்பொருளில் ஒரு மைக்ரோசெகண்டை, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சேமித்துவிட்டால், அதைச் சொல்லி முடிக்க அரைநாள் எடுத்துக்கொள்வான். அவனை மேதை என்று நம்பியவர் ஒரே ஆள். அதுவும் அவன்தான்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே வித்தை: தேடாதே, நேராகக் கை வை. அதைச் சமையலறை வரை கொண்டுபோனான்.

"டப்பாவையெல்லாம் இப்படிச் சிதற விட்டா, தேடியே ஆயுசு போயிடும்."

"தேடறது நான்தானே? நீங்க என்னைக்காவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

அறியாமையோடு என்ன பேச்சு என்று அவன் வெளியே போய்விட்டான்.

அலுவலகத்தில் குழுத்தலைவர் வேலையை விட்டுப் போகிறார். அந்த நாற்காலி மைக்ரோவுக்கா, எதிர்மேசைக்காரிக்கா என்பதை இருவரும் எழுதிய மென்பொருளை ஓடவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். நாற்காலியை நினைத்தாலே அவனுக்கு நாக்கில் நீர் ஊறியது. பங்கை வாங்கவும் விற்கவும் வரும் ஆர்டர்களை விலைவாரியாக வைக்க அவள் மர அமைப்பை எடுத்திருந்தாள்; கிளைகிளையாக இறங்கித் தேட வேண்டும். மைக்ரோ விலைக்கு ஒரு பெட்டி என்று நினைவகத்தில் வரிசையாக அடுக்கினான். விலை தெரிந்தால் பெட்டி தெரியும்.

"விலை உங்க கடைசிப் பெட்டியைத் தாண்டிப் போனா?" என்று அவள் கேட்டாள்.

"எங்கம்மா போகும்? போங்க, போய் உங்க மரத்துக்குத் தண்ணி ஊத்துங்க."

சோதனைக்கு அவன் வைத்திருந்தது ஒரே ஒரு நாளின் சந்தைப் பதிவு. இலை அசையாத நாள். அதையே திரும்பத் திரும்ப ஓட்டினான். ஒரே கேள்வித்தாளை எழுதி எழுதி நூறு வாங்கும் பிள்ளைபோல, ஓட்டத்துக்கு ஓட்டம் மார்பு விரிந்தது.

நிஜச் சந்தை விலைகளோடு போட்டி தொடங்கியபோது மைக்ரோவே முன்னால். முதலாளி முதுகில் தட்டினார். பிறகு ஏதோ ஒரு செய்தி வர, ஒரு பங்கு கடைசிப் பெட்டிக்கும் கீழே சரிந்தது. அப்படி ஆனால் பெரிய வரிசை ஒன்றை உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றும்படி எழுதியிருந்தான், நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில். மென்பொருள் வீடு மாறத் தொடங்கியது. மாறி முடிப்பதற்குள் விலை மேலும் சரிய, மறுபடி மூட்டை கட்டியது. அவளுடைய மரம் தன்பாட்டுக்கு ஓடியது.

"என்னப்பா, சந்தை மூடறதுக்குள்ள உன்னோடது வந்து சேருமா?" என்றார் முதலாளி.

"சார், இன்னைக்குச் சாதாரண நாள் இல்ல."

"சாதாரண நாளுக்கு யாரை வேணா வச்சு ஓட்டிடலாமே!"

நாற்காலி எதிர்மேசைக்குப் போனது. அவள்தான் அவன் மேசைக்கு வந்தாள்.

"உங்க வரிசை நல்லாத்தான் இருக்கு. நடு விலைகளுக்கு அதை வச்சுக்கலாம், ஓரத்துக்கு மரம். சேர்ந்து எழுதுவோமா?"

"கலப்படம் எனக்கு ஆகாது."

"சரி, நானே கலந்துக்கறேன்," என்று அவள் திரும்பிப் போனாள்.

அன்று தோற்றதாக அவன் வீட்டில் சொல்லவில்லை. சந்தைக்கு ஒழுக்கம் போதாது என்றான்.