டைபாய்டு காய்ச்சலில் அக்கா சொன்னது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். இரண்டு தடவை பேப்பர் எடுத்தேன். ஒரு தடவை அதில் மிக்சரைக் கொட்டித் தின்றேன். இன்னொரு தடவை கப்பல் செய்து வாய்க்காலில் விட்டேன். நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை, எழுதினால் மட்டும் நம்பிவிடவா போகிறார்கள் என்பது ஒரு காரணம். பத்தாம் வகுப்பு என்னை இரண்டு முறை உட்கார வைத்து, இரண்டு முறையும் வெளியே அனுப்பியது இன்னொரு காரணம். ஆனால் பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். எனக்கு என்ன வேலை என்றால், தோட்டத்தில் இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் இருப்பது. அங்கே என் கூட்டாளி ஒருத்தன், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு பெட்டிக்கடையில் மாத நாவல்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். வாடகைக்குப் போகாத நேரத்தில் எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேரும் படித்துவிடுவோம்.

எங்களுக்குப் பிடித்தது ஒரே ஒரு வகைதான். கதாநாயகன் யாரையோ கொல்வதாகக் கனவு காண்பான். திடுக்கிட்டு எழுந்தால் கால் நிறையச் சேறு ஒட்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் நீ கட்டிலை விட்டு இறங்கவே இல்லை என்பார்கள். அப்படியானால் சேறு எங்கிருந்து வந்தது? இந்த மாதிரி நாவல் வந்த அன்று நானும் அவனும் யார் முதலில் படிப்பது என்று சட்டையைப் பிடித்துக்கொள்வோம்.

நான் படித்து முடித்துவிட்டால் வாடிக்கைக்காரர்களுக்குக் கேடுதான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் அந்த வகை நாவல்களுக்கென்றே வருவார். அவர் கையில் எடுத்ததும் நான் ஆரம்பிப்பேன்.

“அண்ணாச்சி, காசை வீணாக்காதீக. கடைசியில எல்லாமே கனவு.”

“ஏலே, வாயை மூடுலே!” என்று கூட்டாளி கையில் கிடைத்ததை எடுத்து எறிவான்.

அவர் முகம் சுண்டிப்போய் எடுத்துப் போவார். மறுநாள் வந்து, “கனவே இல்லையேப்பா, நெசமாத்தான கொன்னிருக்கான்?” என்பார்.

“அப்ப நீங்க தூக்கத்துல படிச்சிருப்பீக அண்ணாச்சி.”

இப்படியே போய்க்கொண்டிருந்தவனை எண்பதுகளின் தொடக்கத்தில், திராட்சை அறுப்பு நேரத்தில், டைபாய்டு வந்து படுக்கப் போட்டது.

அறுப்பு நேரத்தில் எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு இடம் கிடையாது. எல்லா அறையிலும் பன்னீர் திராட்சைக் கூடைகள்தான் இருக்கும். என் கட்டிலையும் கூடைகளுக்கு நடுவே போட்டிருந்தார்கள். பார்லித் தண்ணீர், ஆரோரூட் கஞ்சி தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது, கெட்டியாக எது உள்ளே போனாலும் குடல் ஓட்டையாகிவிடும் என்று டாக்டர் அம்மாவைப் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். அம்மா அதற்குப் பிறகு எறும்பைக்கூட என் வாய்ப்பக்கம் விடவில்லை.

காய்ச்சலில் எனக்கு வந்த கனவுகளை வாடகைக்கு விட்டிருந்தால் கூட்டாளி கடையை மூடியிருப்பான். கம்பம் பஸ் டிரைவர் பீரோ மேல் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். முல்லையாறு கட்டிலுக்கு அடியில் ஓடியது, அதில் எங்கள் கணக்கு வாத்தியார் துணி துவைத்தார். ஒரு கோழி என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பேப்பர் படித்தது. என்னைவிட நன்றாகவே படித்தது.

ஒரு மதியம் அக்கா வந்தாள்.

அக்கா என்னைவிட மூத்தவள். அவளுக்குப் பழனிசெட்டிபட்டியில் மாப்பிள்ளை பேசிப் பூவும் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு அங்கே சொந்தமாக இரும்புக்கடை. ஓட்டுச் சந்து வழியாக வெயில் ஒரு கோடாகக் கூடைகள் மேல் விழுந்திருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த கொத்திலிருந்து ஒவ்வொரு பழமாகத் தோலை உரித்து என் வாயில் வைத்தாள். புளிப்பும் இனிப்பும் நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தலையைச் சாய்த்து விதைகளைக் கட்டிலுக்கு அடியில் துப்பினேன்.

“எனக்கு அந்த எடம் வேணாம்டா” என்றாள். “அப்பாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா காலை ஒடிச்சுருவாக. நீ சொன்னா, இவன் கேலி பண்றான்னு அடிக்கமாட்டாக. வெளையாட்டா ஆரம்பிச்சு அப்படியே சொல்லிரு. கல்யாணத்துக்கு முன்னால சொல்லிரு.”

ஏன் வேண்டாம் என்று கேட்க நினைத்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுந்து கதவு வழியாகப் போனாளா, கூடைகளுக்குள் போனாளா, தெரியாது. அடுத்து டிரைவர் ஹாரன் அடித்தார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு என்னைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். வந்தவர்களை நான் சும்மா விடுவேனா? கோழி பேப்பர் படித்ததை நடித்தே காட்டினேன். டிரைவர் ஹாரனுக்கு வாயால் சத்தம் கொடுத்தேன். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “இவனுக்கு டைபாய்டு வந்தாலும் திமிரு வத்தலையே” என்று ஒரு சித்தி சொன்னாள். அப்போது அக்கா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த மதியம் ஞாபகம் வந்து, அடுத்த கனவுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

மற்ற கனவுகளெல்லாம் சொல்லச் சொல்ல வேடிக்கையாகிப் போயின. இது மட்டும் வேடிக்கையாகவில்லை. நாக்கில் அந்தப் புளிப்பு இன்னும் இருந்தது. ஆனால் டிரைவர் அடித்த ஹாரனும்தான் காதில் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அக்கா கேட்டது நிஜமென்றால் நான் சொல்லியாக வேண்டும். கனவென்றால், சொல்லி நல்லபடி நடக்கப்போகிற கல்யாணத்தைக் கெடுத்த பாவி ஆவேன்.

கூட்டாளி என்னைப் பார்க்க வந்தபோது அவனிடம் மட்டும் சொன்னேன். அவன் கண் விரிந்துவிட்டது. அவனுக்கு என் அக்கா மறந்துபோய் நாவல் ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

“தடயம் வேணும் மாப்ளே. கால்ல சேறு இருந்துச்சுல்ல, அந்த மாதிரி. கனவுல இருந்து ஒரு பொருளாவது வெளிய வந்து கெடக்கணும்.”

“வெதை! கட்டிலுக்கடியில துப்புனேன்லே.”

இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் புகுந்தோம். விதை இருந்தது. ஒன்று இரண்டல்ல, தரை முழுக்க இருந்தது. கூடையிலிருந்து உதிர்ந்த பழம், கூலியாட்கள் மென்று துப்பியது, எலி தின்று போட்டது என்று அறுப்பு நேரத்தில் எங்கள் வீட்டில் திராட்சை விதை இல்லாத இடமே கிடையாது. கூடவே என் தலையிலிருந்து கொட்டிய முடி. டைபாய்டுக்குப் பிறகு எனக்குக் கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது.

கூட்டாளி ஒரு விதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “இதுல எது நீ துப்புனதுன்னு எறும்பைத்தான்டா கேக்கணும்” என்றான். பிறகு, “நேரா உங்கக்காகிட்டயே கேளு. ஆனா எடுத்த எடுப்புல பெரிய விசயத்தைக் கேக்காத. துப்பறியிறவன் முதல்ல சின்னதைத்தான் கேப்பான்” என்றான்.

இரண்டு பேரும் படித்த படிப்பு அவ்வளவுதான். நான் போய்ச் சின்னதைக் கேட்டேன். அடுப்படியில் அம்மாவும் இருந்தாள் என்பதை யோசிக்கவில்லை.

“ஏக்கா, நான் காய்ச்சல்ல கெடந்தப்ப நீ எனக்குத் திராட்சை ஊட்டுனியா?”

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “அடிப்பாவி! டைபாய்டுல கெடந்த புள்ளைக்குத் திராட்சையா குடுத்த? கொல்லப் பாத்தியாடி? டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாக?”

அக்கா முகம் வெளுத்துவிட்டது. “நான் எங்கன குடுத்தேன்? நான் அந்தப் பக்கமே போகலை. இவன் கனாக் கண்டிருக்கான்.”

“கோழி பேப்பர் படிச்சுச்சுன்னவன் பேச்சு” என்று அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். கொடுத்திருந்தாலும் இனி அவள் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. பழம் இல்லையென்றால் அந்த மதியமும் இல்லை. ஒரே கேள்வியில் எல்லாக் கதவையும் நானே சாத்திவிட்டு வந்தேன்.

சாயந்தரம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். அவளே கேட்டாள்.

“கனாவுல நான் வேற என்ன சொன்னேன்?”

சொன்னேன். சேலையை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

“அதுக்கு நீ என்ன சொன்ன?”

“சரின்னு தலையை ஆட்டுனேன்.”

சிரித்தாள். “கனாவுல நல்ல தம்பியாத்தான் இருந்திருக்க” என்று சொல்லிவிட்டுத் துணியோடு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைக் கேலி செய்தாளா? எங்கள் வீட்டில் கேலி என் ஒருவனுடைய சொத்து இல்லையே. அல்லது, கனவில் ஆட்டிய தலையை இப்போது ஆட்டு என்று சொன்னாளா?

ஆட்டுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். அப்பா பந்தலுக்குக் கீழே இரண்டு வியாபாரிகளோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா சொன்ன மாதிரியே விளையாட்டாக ஆரம்பித்தேன்.

“அப்பா, பழனிசெட்டிபட்டிக்குத் தந்தி அடிச்சுருவமா? பொண்ணு மாப்பிள்ளையை வேணாங்குது.”

அக்கா சொன்னது சரிதான், அவர் அடிக்கவில்லை. சிரித்தார். “யார்றா சொன்னா, பீரோ மேல உக்காந்திருந்த டிரைவரா?” என்று வியாபாரிகளைப் பார்த்தார். அவர்களுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. ஒருவர் வாயால் ஹாரன் அடித்துக் காட்டினார். நான் அடித்ததைவிட நன்றாக அடித்தார்.

“இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன். அக்காவே என்கிட்டச் சொல்லுச்சு.”

“எப்பச் சொன்னா?”

“நான் காய்ச்சல்ல கெடந்தப்ப.”

சிரிப்பு நின்றது. அப்பா கிட்டே வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். என் குரல் உடைந்தது. அப்பாவிடம் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. “அதுக்கு இஷ்டமில்லப்பா, ஒரு வார்த்தை கூப்புட்டுக் கேளுங்க” என்றேன். நான் அழுவதைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். நான் அழுது யாரும் பார்த்ததே இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று வியாபாரி ஒருவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா என்னை சைக்கிளில் உட்காரவைத்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் டாக்டரிடம் கொண்டுபோனார். நான் போடுகிற சத்தத்தைக் கேட்டு டாக்டர் ஊசி போட்டார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கட்டில், மறுபடி பார்லித் தண்ணீர். நான் எவ்வளவு நிதானமாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அம்மா வேப்பிலை அடித்தாள். கடைசியில் ஒரு நாவலையும் வீட்டுக்குள் விடக் கூடாது என்று கூட்டாளிக்கும் தடை போட்டார்கள். அக்கா தினமும் தம்ளரோடு வருவாள். பின்னாலேயே அம்மா நிற்பாள். நான் குடிப்பேன். அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு போவாள். வாய் திறந்தால் இன்னொரு ஊசி என்று தெரிந்ததால் நான் வாய் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட வேண்டும். தலையில் பாதி முடியோடு செம்பும் தாம்பாளமுமாகக் குனிந்தேன். மாப்பிள்ளை கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அவர் என் தோளைத் தொட்டு, “ஒடம்பு தேறிருச்சா மாப்ளே? நீ உக்காரு, நானே கழுவிக்கிறேன்” என்றார். நாவலில் என்றால் அந்த இடத்தில் கதாநாயகன் தாம்பாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையைச் சொல்வான். எனக்கு எறியத் தாம்பாளம் இருந்தது. சொல்ல உண்மைதான் கையில் இல்லை. கால் கழுவினேன். மேளம் கொட்டியது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. எந்தப் பெண்தான் அந்த நேரத்தில் நிமிர்ந்திருக்கிறாள்? அதிலிருந்து நான் எதைக் கண்டுபிடிப்பது?

தீபாவளிக்கு அக்கா மாப்பிள்ளையோடு வந்தாள். ஊருக்குத் திரும்ப அவர் முதலில் கிளம்பினார், அவள் தலைவலி என்று சொல்லிப் பின்தங்கினாள். பிறகு அவர் வந்து கூப்பிட்டார், போனாள். இளைத்திருக்கிறாள் என்றாள் அம்மா. மினுமினுப்பாக இருக்கிறாள் என்றாள் சித்தி. நான் இரண்டையும் பார்த்தேன். கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறும்வரை பின்னாலேயே போய், “அங்கன மழை உண்டா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். கனவாக இருந்தால், நான் கேட்டு அவள் மனதில் முள்ளை வைத்ததாகிவிடும். நிஜமாக இருந்தால், ஒருமுறை என்னை நம்பிக் கேட்டவளிடம் மறுபடி எந்த முகத்தோடு கேட்பது?

இத்தனை வருஷம் கழித்து இவ்வளவையும் எழுதி, நேற்று அவன் கடையில் வைத்துக் கூட்டாளிக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். வழக்கமாகப் பாதியில் முடிவைச் சொல்லச் சொல்லி நச்சரிப்பவன் கடைசிவரை பேசாமல் கேட்டான். “என்னலே நெனக்கிற? கனவா, நெசமா?” என்றேன்.

“அதை எனக்கு எதுக்குடா படிச்சுக் காட்டுற, பழனிசெட்டிபட்டி வழியாப் போற பஸ்ஸு அந்தா நிக்குது பாரு.”