ஒரு கிளாஸ் இசப்கோல்

குஷாய்குடாவில் இசப்கோல் பொட்டலம் போடும் சின்னக் கம்பெனி ஒன்றில் அன்னக்கிளிக்கு வேலை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். வயிற்றுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று தெருவுக்கே சொல்லி வந்தவள். அதில் பொய்யும் இல்லை. இசப்கோல் என்ற சின்னச் செடியின் விதையை மூடியிருக்கும் உமி, தண்ணீரை உறிஞ்சி வழுவழுவென்று கூழாகும். குடலில் செரிக்காமலே போய், இறுகிக் கிடக்கும் மலத்தை இளக்கித் தள்ளும்.

ஆனால் உமியைக் கொட்டும்போது எழும் தூசு அவள் நெஞ்சைப் பிடித்தது. வேலை தொடங்கினால் தும்மல், இருமல், இழுப்பு. லீவு நாளில் ஒன்றுமே இல்லை.

"கைக்கு அக்கா, ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடுற, திங்கக்கிழமை நெஞ்சுல விசில் அடிக்கிற?" என்று பக்கத்து மேஜை ஷோபா, 'ஏன்' என்பதற்கு அந்த ஊர் வழக்கில் 'கைக்கு' போட்டு, கிண்டல் செய்வாள். அவளுக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தோலில் சோதனை செய்து பார்த்த டாக்டர் அனுபமா விஷயத்தைச் சொன்னார். உமியோடு ஒட்டி வரும் விதைத் தூளில் ஒரு புரதம் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போய்ப் போய், அன்னக்கிளியின் உடம்பு அதை எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. இனி ஒரு ஸ்பூன் குடித்தாலும் தொண்டை வீங்கி உயிரே போகலாம். வேறு பகுதிக்கு மாற்றும்படி சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் பத்மநாபன் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மூலிகைக்கு அலர்ஜியா? இதென்ன கெமிக்கலா?" ஒரு கிளாஸில் இசப்கோலைக் கலக்கி அவள் முன்னால் வைத்தார். "குடிச்சுக் காட்டும்மா. ஒண்ணும் ஆகலைன்னா பேசாம மேஜைக்குப் போ. மாட்டேன்னா வீட்டுக்குப் போ."

மூலிகை என்றால் தீங்கே செய்யாது என்பது விளம்பரக்காரன் கட்டிவிட்ட கதை. செடிக்கு நல்ல மனசும் கிடையாது, கெட்ட மனசும் கிடையாது. அதில் இருப்பதும் வேதிப்பொருள்தான். இதை ஒப்புக்கொள்ள ஒரு பெண்ணின் உயிரா பணயம்?

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கிளாஸைக் கையில் எடுத்தாள்.

"நக்கோ அக்கா, வேண்டாம்!" என்று ஷோபா அலறினாள்.

அன்னக்கிளி கிளாஸைக் கீழே வைத்தாள். "உங்க அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க சார்? ஊசி போட்டுக் காட்டுங்கன்னு யாராச்சும் கேட்டா விடுவீங்களா?"

பத்மநாபன் முகம் சுருங்கியது. சீட்டை எடுத்து மறுபடி படித்தார்.

"சரி, நாளையிலேருந்து நீ அட்டைப்பெட்டி ரூமுக்குப் போ."

"நான் போறேன். இவங்கல்லாம்? நல்ல மாஸ்க் வேணும், தூசியை வெளிய இழுக்குற ஃபேன் வேணும்."

"அதெல்லாம் முதலாளி கையில இருக்கு."

"அப்ப அவருக்கு ஃபோன் பண்ணுங்க சார். வெளிய நிக்கிறேன், உள்ள மூச்சு முட்டுது."

அவள் நடந்தாள். இருமிக்கொண்டே ஷோபாவும் எழுந்து போனாள். மற்ற பெண்கள் உமியைக் கொட்டாமல் வாசலையே பார்த்தார்கள். பத்மநாபன் ஃபோனை எடுத்தார்.