பிழையில்லாத நோட்டு

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது பாதி வாத்தியார் வேலை, மீதி போலீஸ் வேலை. வாக்கியத்தின் தொடக்கம், ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம் என்று விதியெல்லாம் ஒரு பீரியடில் நடத்தி முடித்துவிடலாம். யார் சொந்தமாக எழுதியது, யார் யாரைப் பார்த்து எழுதியது என்று துப்புத் துலக்குவதில்தான் மீதி வருடம் போகும். குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். நோட்டுக் கட்டைத் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போன சகாக்களே, நான் எப்படி இப்படி யாரையும் நம்பாதவன் ஆனேன் என்பது உங்களுக்காவது புரியும்.

எல்லாமே பெரிசு

அஜ்மல் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வருகிறவன். முதல் பரீட்சையில் விடைத்தாள் முழுவதையும் பெரிய எழுத்திலேயே எழுதியிருந்தான். எங்கே போடுவது என்று தெரியாத கள்ளன் எல்லா இடத்திலும் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டி அவனைக் கூப்பிட்டேன்.

பையன் பயப்படவே இல்லை. அவன் வாப்பா பல வருடமாக சவூதியில் இருக்கிறார். பாஸ்போர்ட், விசா, ஏர்போர்ட் என்று அவர் நிரப்பிக்கொடுத்த எல்லாத் தாளிலும் பெரிய எழுத்தில் மட்டும்தான் எழுதச் சொல்லியிருந்ததாம். ஒரு தடவை மறந்து சின்ன எழுத்தில் எழுதியதற்கு, வரிசையின் கடைசிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கதி மகனுக்கு வரக் கூடாது என்று போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் பாதிதான் நம்பினேன் என்பது அவனுக்கு என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னான்: "நீங்க திருப்பி அனுப்பமாட்டீங்கன்னா இனி சின்னதுலயே எழுதுதேன் சார்."

ஒரே வேன்

அடுத்த மாதம் நான்கு வீட்டுப்பாட நோட்டுகளில் ஒரே தப்பு. நான்கிலும் ஞாயிற்றுக்கிழமை சின்ன எழுத்தில் தொடங்கியது, சந்தை பெரிய எழுத்தில் தொடங்கியது. நான்கு பேரும் ஒரே வேனில் வருகிறவர்கள். காலையில் வேனுக்குள் வைத்து ஒருவன் எழுத மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டியதில்லை. ஆனாலும் நான் நோட்டுகளை வரிசையாக விரித்து வைத்து, ஒவ்வொரு தப்பாக விரல் வைத்துக் காட்டி, கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி விசாரித்தேன்.

மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாலாவது ஆள் அஜ்மல். நாங்கள் வரும் ரோட்டை வந்து பாருங்கள் என்று முதலில் என்னை அழைத்தான். பிறகு சொன்னான்: "காப்பி அடிக்கல்ல சார். ஒரே குழியில எறங்கினா எல்லாருக்க கையும் ஒரே எடத்துலதான் ஆடும்."

தப்பே இல்லை

தப்பு இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். பெனிஷாவின் நோட்டில் தப்பே இல்லை. ஜூன் மாதத்திலிருந்து ஒரு பெரிய எழுத்துகூட இடம் மாறவில்லை. பதவி, நிறுவனத்தின் பெயர் என்று நான் இன்னும் நடத்தாததெல்லாம் சரியாக இருந்தது. அமைதியான பிள்ளை, மூன்றாவது பெஞ்சு. வீட்டில் அம்மா மட்டும்தான் என்று தெரியும். நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தும் எனக்குத் தெரியும், யாருடைய வீட்டில் என்ன தொழில் என்று நான் கேட்டதே இல்லை.

அந்தச் சமயத்தில் மாவட்டக் கட்டுரைப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. பெனிஷா தானாக வந்து, நான் போகட்டுமா சார் என்று கேட்டாள். அவள் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டிய நான், வகுப்பில் எல்லோர் முன்னாலும் நோட்டை உயர்த்திப் பிடித்து, இதை உனக்கு யார் எழுதித் தருகிறார்கள் என்று கேட்டேன். நான்தான் என்றாள். அப்படியானால் யார் சொல்லித்தந்தது என்றேன். வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்து வகுப்பில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா டீச்சருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பெல் அடித்ததும் வராந்தாவில் என்னை நிறுத்திச் சொன்னார்: "ஒரு பிள்ள தப்பில்லாம எழுதினா வாத்தியாருக்குச் சந்தோஷம் வரும். உங்களுக்கு மட்டும் காய்ச்சல் வருது சார்."

ஸ்டாஃப் ரூமில் ஒரு பக்கம்

காய்ச்சலோ என்னவோ, தீர விசாரித்துவிடுவது என்று மறுநாள் அவளை ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னேன். தலைப்புக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லிவிட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். பேனா நகர்ந்த இடமெல்லாம் என் கண்ணும் நகர்ந்தது. அவள் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். முதல் வரியிலேயே ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்கினாள். அடித்துவிட்டுத் திருத்தினாள். அடுத்த வரியிலும் தப்பு. ஒரு பக்கத்தில் ஏழு தப்பு.

எனக்குத் திருப்தியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி. போட்டிக்கு வேறொரு பிள்ளையின் பெயரை எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பெனிஷா அழவில்லை. தாளை மடித்து என்னிடம் நீட்டிச் சொன்னாள்: "இதையும் வேற யாரோ எழுதித் தந்ததுன்னு வச்சிக்கோங்க சார்."

ஆண்டு விழா அழைப்பிதழ்

போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஆண்டு விழா அழைப்பிதழை ஆங்கிலத்தில் எழுதி குழித்துறையில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை புரூஃப் பார்க்கப் போனால், நான் எழுதிக்கொடுத்த தாளில் நான்கு இடத்தில் சிவப்பு வட்டம். தலைமையாசிரியரின் பதவியையே சின்ன எழுத்தில் தொடங்கியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்த அம்மாள் நான் யாரென்று தெரியாமல் ஆறுதல் சொன்னார், எழுதின ஆள் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று.

யார் வட்டம் போட்டது என்று கேட்டேன். மகள் என்றார். நம் பக்கத்துக் கல்யாணக் கார்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வீட்டுப் பெரியப்பா, சித்தப்பா, மாமன் எல்லோரும் படிப்பு, பதவி, வேலை பார்க்கும் நாடு சகிதம் ஆங்கிலத்தில் அணிவகுத்து நிற்பார்கள். இந்த அம்மாள் டைப் அடித்த ஒரு கார்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் மட்டும் சின்ன எழுத்தில் தொடங்கிவிட்டதாம். வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மனிதர் கல்யாணத்துக்கே வரவில்லை. அவருடைய ஆட்கள் கடையில் வந்து சத்தம் போட்டதில் அந்த அம்மாளின் வேலை போகிற நிலை. அன்றிலிருந்து மகள் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்க்காமல் எந்தக் கார்டும் மெஷினுக்குப் போவதில்லை.

அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து சிவப்புப் பேனாவும் ஒரு கார்டுமாக பெனிஷா வந்தாள். என்னைப் பார்த்ததும் பேனாவைப் பின்னால் மறைத்தாள். வகுப்பில் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிப் பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று யாராவது புகார் எழுதிப்போட்டால், கடைக்காரர் முதலில் அம்மாவைத்தான் வீட்டுக்கு அனுப்புவார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்: "இத ஸ்கூல்ல போய்ச் சொல்லிருவியளா சார்?"

திங்கட்கிழமை

திங்கட்கிழமை முதல் பீரியடில், எல்லோர் முன்னாலும் கேட்டதை எல்லோர் முன்னாலும் திருப்பி வாங்கிக்கொண்டேன். பெனிஷாவின் நோட்டு முழுக்க அவளே எழுதியது, நான் சந்தேகப்பட்டது தப்பு, அதனால் அவளுக்குப் போட்டி போயிற்று என்று சொன்னேன். எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சார் எதையோ மறைக்கிறார் என்று வகுப்பே என்னை உற்றுப் பார்த்தது. நாற்பது பேர் ஒன்றாகச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். அஜ்மல் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கை தட்டினான்.

பெல் அடித்தபின் அவளைக் கூப்பிட்டு, அடுத்த வருடப் போட்டிக்கு நீதான் போக வேண்டும் என்றேன். இந்த வருடம் போனது போனதுதான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், நான் நோட்டுகளைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு சொன்னாள்: "எழுதுதேன் சார். ஆனா அதை நீங்க திருத்தாண்டாம், கணக்கு டீச்சர் திருத்தட்டு."

சந்தேகப்படுவதை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் சகாக்களே, நீங்களே நம்பமாட்டீர்கள், இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான்.