பெட்ரோலும் குச்சியும் சம்பந்தியும்

சின்ன விமானம் ஓட்டுவதில் சிரமமான வேலை பெட்ரோல் கணக்குப் போடுவதுதான். பறப்பது அதற்கப்புறம் தானாக நடக்கும். தொண்ணூறுகளில் கோவையில் ஒரு மில் முதலாளியின் நாலு சீட் விமானத்தை ஓட்டினேன். முதலாளிக்கு வண்டி ஓட்டிய யாரும் நான் சொல்லப்போவதை நம்புவார்கள்.

குச்சி

டேங்கில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளை நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் கிளம்புமுன் மெக்கானிக் காதர் பாய் இறக்கைமேல் ஏறி, கோடு போட்ட மரக்குச்சியை டேங்குக்குள் விட்டு, ஈரம் எதுவரை என்று பார்ப்பார். விருந்தாளிகள் முன்னால் இது வேண்டாமே என்று முதலாளி நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். பாய் குச்சியைக் கீழே வைப்பதாக இல்லை. ஒருநாள் விருந்தாளி ஒருவர் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க பாய், மோட்டார் கெணத்துக்குள்ள கயித்துல கல்லைக் கட்டி உட்டுப் பாக்கறாப்புலயே இருக்குதுங்க."

தேங்காய்

முதலாளியின் மகளை மெட்ராஸில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் அங்கே கிளம்பினாலே முதலாளியம்மா இரண்டு மூட்டை தேங்காயோடு வந்து நிற்பார். பாரம் தாங்காது என்று கையைப் பிசைந்தேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"அப்ப பெட்ரோலைக் கொஞ்சம் கொறைச்சுக்க கண்ணு, தேங்காயைக் கொறைச்சா புள்ளை சங்கடப்படுவா."

சம்பந்தி

அந்த மெட்ராஸ் சம்பந்தியும் அவர் மனைவியும் முதல்முறையாக ஊருக்கு வந்தார்கள். முதலாளி எங்கள் விமானத்திலேயே போய் அழைத்து வந்தார். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயின் எதிர்காற்று, கையிருப்பாக வைத்திருந்த முக்கால் மணி நேரப் பெட்ரோலில் பாதியைத் தின்றுவிட்டது. ஊர் தெரிந்ததும் முதலாளி, தன் தொண்டாமுத்தூர் தென்னந்தோப்பை ஒரு சுற்றுக் காட்டச் சொன்னார். வந்த சம்பந்திக்குத் தோப்பைக் காட்டாமல் விடுவது எங்கள் பக்கம் சோறு போடாமல் அனுப்புவதற்குச் சமம். நானும் இந்த ஊர்க்காரன்தானே, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சுற்றினேன். தப்பு என்னுடையதுதான்.

அடுத்து ஆனைமலைத் தோப்பு என்றார். "இல்லீங்க, பெட்ரோல் பத்தாதுங்க" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் 'இல்லீங்க' அது. சம்பந்தி முன்னால் சொன்னதில் அவர் முகம் சுருங்கிவிட்டது. வேலை போனாலும் போகட்டும், நாலு உயிரும் தரை சேர்ந்தால் போதும் என்று விமான நிலையத்துக்கு நேராக விட்டேன். இறங்கி, ஓடுபாதையை விட்டுத் திரும்பியதும் எஞ்சின் தானாக நின்றது.

காதர் பாய் குச்சியை விட்டார். காய்ந்தே வந்தது. அதை முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி குச்சியைத் தடவிப் பார்த்தார், பிறகு என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயம் புரியாத சம்பந்தி மட்டும் மெச்சிக்கொண்டார்.

"கரெக்டா கணக்குப் போட்டிருக்கீங்க தம்பி, ஒரு சொட்டு வீணாகல."

அதற்கப்புறம் நான் ஊற்றிய பெட்ரோலில் பயணத்துக்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு, சம்பந்திக்குத் தோப்பு காட்ட ஒரு பங்கு என்று எப்போதும் மூன்று பங்கு இருந்தது.