டீக்கடையிலிருந்து அளந்த ஷெட்

டீக்கடையில் நின்றபடியே என் ஷெட்டை அளந்துவிட்டுப் போனீர்களே ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். பானட்டைத் திறக்காமலே எஞ்சினுக்குக் குறை சொல்கிற மெக்கானிக்கிடம் எங்கள் தொழிலில் யாரும் இரண்டாம் தடவை வர மாட்டார்கள். உங்கள் தொழிலில் அதற்குக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்துகிறார்கள். ரோட்டோரம் கடை வைத்து, நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிற என் ஜனங்களே, நீங்களும் கேளுங்கள். திருப்பதியிலிருந்து புத்தூர் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது என் கார் ரிப்பேர் ஷெட்.

ஃபாரம்

ரோட்டோரக் கடைகளெல்லாம் தங்கள் அளவை முனிசிபல் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். போனேன். ஃபாரத்தில் ஷெட்டின் அகலம், நீளம் கேட்டிருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். பழைய டயர் வாங்கி விற்றுத்தான் மற்றதைப் படித்தேன். எதைக் கேட்டாலும் இரட்டிப்பாகக் கேள், எதிரில் இருப்பவன் பாதியாகக் குறைப்பான், நமக்கு வேண்டியது கைக்கு வரும். இருபதுக்கு நாற்பது அடி இருக்கும் ஷெட்டை நாற்பதுக்கு எண்பது என்று எழுதினேன்.

கிளார்க் குறைப்பார், நான் கத்துவேன் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றேன். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. ஜன்னல் வெயிலில் தூசு மிதந்தது. சுவரில் ஊர் முழுக்க வண்ணம் வண்ணமாக ஒரு வரைபடம். எங்கள் ரோடு அதில் ரோஸ் நிறத்தில், கல்யாண வீட்டு ரிப்பன் மாதிரி நெளிந்துகொண்டு போனது. அதில் என் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. கிளார்க் ஃபாரத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பரவால்லயே அண்ணா, சால பெரிய ஷெட்டு!"

கால்கள்

வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு உலகம் கணுக்கால் உயரம்தான். செருப்புகள், டயர்கள், நாயின் வயிறு, அதற்கும் பின்னால் நீலமாக மலை. மேலேயிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாக விழும். அப்படிப் படுத்திருக்கிறபோது எனக்குக் கோபமே வராது. அன்றைக்கும் அப்படித்தான், பாதித் தூக்கத்தில் இருந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ வந்து நின்றது. ஒரு கிளாஸ் டீ நேரம் நின்றது. திரும்பி ஜீப்பில் ஏறிப் போனது. வந்தது யார் என்று தெரிந்திருந்தால் எழுந்து எதிரே ஓடியிருப்பேன். சாயந்திரம்தான் டீக்கடைக் குப்பம்மா சொன்னாள்.

"அளக்க வந்த ஆபீசராம் மேஸ்திரி. உன் ஷெட்டைப் பாத்துக்கினே டீ குடிச்சாரு, என்னமோ எழுதிக்கினாரு, டீ நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

தூங்கின வண்டி

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். எங்கள் ரோட்டுக்கு வருவதற்குள் பிரேக் கருகிவிடும். அந்த வாசனையை வைத்தே சொல்லிவிடலாம், சாமி பார்த்துவிட்டு வருகிற வண்டி என்று. ஒரு விடியற்காலை திருவள்ளூர் வண்டி ஒன்று தானாக உருண்டு வந்த மாதிரி ஷெட் வாசலில் நின்றது. உள்ளே ஏழு பேர், எல்லாரும் மொட்டை, எல்லார் தலையிலும் சந்தனம். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, விளாம்பழங்களை அடுக்கின மாதிரி தூங்கினார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு டிரைவரும் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார்.

கத்தாமல் எனக்கு வேலையே ஓடாது. அன்றைக்குச் சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டு தட்டினேன். வண்டியை மெதுவாக ஜாக்கியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பிரேக் பேடு மாற்றினேன். ஏழு மொட்டைகளும் லேசாக ஒருபக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தன. ஒருவரும் விழிக்கவில்லை. வெயில் கண்ணாடியில் விழுந்தபோது டிரைவர் கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க வண்டியைத் தொட்டதே தெரியலங்க. நான் இன்னும் கியூவுலயே நிக்கிறதா கனா கண்டுக்கினு இருந்தேன்."

நோட்டீஸ்

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. அந்த ரோடு வியாபாரப் பகுதி. சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கலாம், பெரியது இருக்கக் கூடாது. நாற்பதுக்கு எண்பது பெரியது. நேரில் வந்து சரிபார்க்கப்பட்டது. இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்து தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும்.

ஆபீசில் போய் நான் போட்ட சத்தத்துக்கு இரண்டு மேஜை தள்ளி இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். இருபதுக்கு நாற்பதுதான் சார், நீங்க குறைப்பீங்கன்னு கூட்டி எழுதினேன் என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. சரிபார்த்த ஆபீசர் எழுதியதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை என்றார் கிளார்க். ஃபாரத்தை எடுத்து என் கையெழுத்தையும் காட்டினார்.

"இது ஃபாரம் அண்ணா, சந்தை கிடையாது. நீங்க எழுதினதுதான் உங்க கடை."

தொழிற்பேட்டை

சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று போனேன். ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே, மலை அடிவாரத்தில் இருந்தது. கற்களில் நம்பர் எழுதி நட்டிருந்தார்கள். கல்லுக்குக் கல் புல். காற்று அடித்தால் புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்தது. நோட்டீஸில் எனக்குப் போட்டிருந்த நம்பர் கல்மேல் உட்கார்ந்தேன். அவ்வளவு அமைதியில் நான் என் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. அழகான இடம்தான். ஆனால் பிரேக் கருகின வண்டி இவ்வளவு தூரம் எப்படி வரும்? ரோட்டில் நின்றுபோகிற வண்டிக்குத்தானே நான் மெக்கானிக்? வாட்ச்மேனிடம், தினம் எத்தனை வண்டி வரும் என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு யோசித்தார்.

"வழி தப்பினா வருவாங்க நைனா."

டேப்

நேற்று சாமானையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஷெட்டை நானே அளந்தேன். என்னிடம் டிங்கர் வேலை பார்க்கிற முனிரத்தினம் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். தகரத்து ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. சாமான் இல்லாத ஷெட், யாருடையதோ மாதிரி இருந்தது. பதினெட்டுக்கு முப்பத்தெட்டு. மறுபடி அளந்தோம். அதேதான். இருபதுக்கு நாற்பது என்று இத்தனை வருஷம் எனக்கே நான் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முனிரத்தினம் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"இம்மாஞ்சின்ன எடத்துலயாண்ணா அவ்ளோ சத்தம் போட்டுக்கினு இருந்தே?"

கூட்டி எழுதியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பாராமல் ஒத்துக்கொண்டது உங்கள் தப்பு. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ரோட்டைத் தாண்டி இருபது எட்டு எடுத்து வைத்து உள்ளே வாருங்கள் ஐயா, அளந்து, இருப்பதை இருக்கிறபடி எழுதி, என் கடையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அரையடிகூடக் கூட்டிக் கேட்காமல் நிற்கிறேன்.